படையெடுத்து வந்தவர்களை வீழ்த்துவது யார்? 1953க்கும் 1996க்கும் இடையே ஒரு கேள்வி

வேலவன்

அனைவருக்கும் வணக்கம். கோடை விடுமுறைக்கு வந்திருக்கும் என் அக்கா மகளுடன் சென்ற வாரம், வேற்றுக்கிரகத்தார் பூமியின்மேல் படையெடுத்து வரும் இரண்டு படங்கள் பார்த்தேன். ஒன்பதாம் வகுப்பு முடித்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை இரவு ரோலண்ட் எமெரிக் இயக்கிய 'இன்டிபென்டன்ஸ் டே' (1996). மறுநாள், ஜார்ஜ் பால் தயாரித்து பைரன் ஹாஸ்கின் இயக்கிய 'வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ்' (1953). முதல் படத்தில் வெள்ளை மாளிகை சிதறியபோது அவள் சோபாவிலிருந்து எழுந்தே நின்றுவிட்டாள். இரண்டாவது படத்தின் முதல் அரை மணி நேரத்தில் இரண்டு முறை கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள், அதன்பின் எடுக்கவில்லை. படம் முடிந்ததும் அவள் கேட்டதை அப்படியே இங்கே தருகிறேன்: "மாமா, ரெண்டு படத்துலயும் கிருமி மாதிரி ஏதோ ஒண்ணுதானே அவங்களை முடிச்சது? அப்புறம் ஏன் இதுல மட்டும் நாம ஜெயிச்ச மாதிரியே இல்ல?"

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. பழைய படம் ஆழமானது, புதிய படம் கேளிக்கைக்கானது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னால் அது கேள்விக்குப் பதிலாகாது. படங்களுக்கு மதிப்பெண் போடுவதாகத்தான் ஆகும். 1996 படத்தை நான் இதுவரை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. அடுத்த முறை தொலைக்காட்சியில் வந்தாலும் உட்கார்ந்துவிடுவேன். 1953 படத்தை இது வரை மூன்று முறைதான் பார்த்திருக்கிறேன். மூன்று முறையும் அதன் முடிவு எனக்கு நிறைவளிக்கவில்லை. ஆயினும் பல நாள்கள் கழித்து நினைவுக்கு வருவது அந்த முடிவுதான். வேற்றுக்கிரகப் படையெடுப்புப் படங்களில் எதிரி எப்படி வீழ்கிறான் என்பதை வைத்தே ஒரு படம் எப்படிப்பட்டது என்று சொல்லிவிட முடியுமா? பழைய படங்களையும் பெருவெற்றிப் படங்களையும் நன்கறிந்த நண்பர்கள் விளக்கினால் அவளிடமும் படித்துக் காட்டுவேன்.

பழம்படச்சுருள்

வேலவன் அவர்களுக்கு வணக்கம். உங்கள் அக்கா மகளின் கேள்விக்குப் போகும் முன் ஒரு திருத்தம் செய்ய அனுமதியுங்கள். 1953 படம் எளிய செலவில் எடுக்கப்பட்ட சிந்தனைப் படம் என்ற எண்ணம் உங்களுக்கு இருந்தால் அதை விட்டுவிட வேண்டும். அது பாரமவுண்ட் நிறுவனம் டெக்னிகலர் வண்ணத்தில், ஏறத்தாழ 20 லட்சம் டாலர் செலவில் எடுத்த படம். அந்தப் பணத்தில் பெரும்பகுதி சிறப்புக் காட்சிகளுக்கே போனது, அதற்கு ஆஸ்கர் விருதும் கிடைத்தது. அதன் காலத்தில் மக்கள் திரையரங்குக்குச் சென்றதும் நகரம் எரிவதைப் பார்க்கத்தான்.

அந்தக் காட்சிகள் எப்படி உருவாயின என்பதே ஒரு தனிக் கதை. படத்துக்கு மூலமான நாவலில் வரும், செவ்வாய்க்காரர்களின் மூன்று கால் இயந்திரங்களைத் திரையில் நடக்கவைப்பது கடினம் என்பதால், கலை இயக்குநர் ஆல்பர்ட் நொசாகி கால்களை நீக்கிவிட்டு, திருக்கை மீனின் உடலும் படமெடுத்த நாகத்தின் கழுத்தும் கொண்ட ஒரு வடிவத்தை வரைந்தார். செம்பினால் செய்த மாதிரிகளை மெல்லிய கம்பிகளில் தொங்கவிட்டு, அந்தக் கம்பிகள் வழியாகவே மின்சாரமும் செலுத்தினார்கள். அந்த இயந்திரங்கள் வீசும் வெப்பக் கதிரின் ஓசை மூன்று மின்கிதார்களை வாசித்துப் பதிவுசெய்து, அந்தப் பதிவைப் பின்னோக்கி ஓடவிட்டுப் பெற்றது. எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த ஓசையைக் கேட்டால் எனக்கு முதுகு சில்லிடுகிறது. பிற்காலப் படங்களின் பேரிரைச்சலில் எதுவும் அப்படிச் செய்ததில்லை.

இனி முடிவுக்கு வருகிறேன். அது திரைப்படக்காரர்கள் யோசித்த முடிவு அன்று, எச். ஜி. வெல்ஸ் 1898இல் நூலாக வெளியிட்ட நாவலின் முடிவு. அந்த நாவலைத் தம் அண்ணன் ஃபிராங்குக்குக் காணிக்கையாக்கியபோது, கதையின் கரு அண்ணனுடையது என்று வெல்ஸ் எழுதியிருக்கிறார். டாஸ்மேனியத் தீவின் பூர்வகுடிகளை ஐரோப்பியக் குடியேறிகள் அழித்ததைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டிருந்தபோது பிறந்த கரு அது. நாவலின் முதல் அத்தியாயத்திலேயே டாஸ்மேனியரின் பெயர் வருகிறது. நாம் அவர்களுக்குச் செய்ததைச் செவ்வாய் நமக்குச் செய்தால் அதைக் குறைகூற நமக்கு என்ன தகுதி இருக்கிறது என்ற பொருளில், பேரரசின் உச்சத்தில் இருந்த இங்கிலாந்தின் வாசகரைப் பார்த்துக் கேட்கிறார். ஆகவே அந்தக் கதையில் மனிதன் வெல்லக் கூடாது. பீரங்கியும் போர்க்கப்பலும் தோற்று, லண்டன் காலியாகி, எல்லாம் முடிந்த பிறகு, கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா படையெடுத்தவனைக் கொல்கிறது. அமெரிக்கக் கண்டங்களில் உண்மையில் நடந்ததோ இதற்கு நேர்மாறானது: அங்கே கிருமி படையெடுத்தவனுடன் கப்பலில் வந்து, மண்ணின் மக்களைக் கொன்றது. வெல்ஸ் அதைத் தலைகீழாகத் திருப்பினார் என்றே நான் படிக்கிறேன்.

ஹாலிவுட் இந்த முடிவை வைத்துக்கொண்டது, ஆனால் அதற்குக் கீழிருந்த குற்றவுணர்வை எடுத்துவிட்டது. நாவலில் வரும் பாதிரியார் அச்சத்தில் மனம் கலங்கிப் பிதற்றுபவர். 1953 படத்திலோ பாதிரியார் திருப்பாடலைச் சொல்லிக்கொண்டே இயந்திரத்தை நோக்கி நடந்து சென்று உயிர்விடுகிறார். படம் முடிவதும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஒரு தேவாலயத்தில், மக்கள் மண்டியிட்டிருக்கும்போதுதான். கடவுள் தம் ஞானத்தால் இவ்வுலகில் வைத்த மிக எளிய உயிர்கள் என்ற சொற்கள் நாவலிலும் உண்டு. படத்தின் கடைசி வரியாக அவற்றைக் கேட்கும்போது அவை வேதவாக்காக ஒலிக்கின்றன. "நாம ஜெயிச்ச மாதிரியே இல்ல" என்று உங்கள் அக்கா மகள் சொன்னது சரிதான், அந்தப் படத்தில் நாம் வெல்லவில்லை, காப்பாற்றப்படுகிறோம்.

கடைசி வரிசை

பழம்படச்சுருள் ஐயா எழுதியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் இந்த வகை உரையாடல்களில் பெருவெற்றிப் படம் எப்போதும் பதில் சொல்ல வேண்டிய கட்சிக்காரனைப் போல் நிறுத்தப்படுகிறது. அதனால் இன்று 'இன்டிபென்டன்ஸ் டே'யின் வழக்குரைஞராக நான் வருகிறேன்.

முதலில், அந்தப் படம் தன் மூதாதையை அறியாமல் எடுக்கப்பட்டது அன்று. ஜெஃப் கோல்ட்ப்ளம் நடித்த டேவிட் மனமுடைந்து, குடித்துவிட்டுத் தரையில் கிடக்கிறான். அவனுடைய தந்தை வந்து, குளிர்ந்த தரையிலிருந்து எழுந்திரு, சளி பிடித்துக்கொள்ளும் என்று, உலகத்துத் தந்தையர் எல்லாரும் சொல்வதைச் சொல்கிறார். சளி என்ற சொல்லைக் கேட்டதும்தான் எதிரியின் கணினிக்குள் வைரஸைச் செலுத்தலாம் என்ற யோசனை அவனுக்குப் பிறக்கிறது. வெல்ஸின் பாக்டீரியா தொண்ணூற்றெட்டு ஆண்டுகள் கழித்து ஒரு மடிக்கணினிக்குள் புகுந்துவிட்ட இடம் அது. வேற்றுக்கிரகத்தாரின் கணினியும் நம் கணினியும் எப்படி ஒத்துப்போகும் என்று அந்தக் காட்சியைக் கேலி செய்தே நம்மில் பலர் வளர்ந்தோம். எங்கள் அலுவலகத்தில் பிரிண்டர் வேலை செய்யாத நாளில் இன்றும் யாராவது அந்தக் கேலியைச் சொல்கிறார்கள். ஆனால் திரைக்கதையின் கண்ணோட்டத்தில் பார்த்தால் அது முட்டாள்தனம் இல்லை. பழைய முடிவை மனிதனின் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று திட்டமிட்டுச் செய்த மாற்றம். தற்செயலாக நடந்தது அங்கே செயலாகிறது. அதனால்தான் கைதட்டல் வருகிறது.

இரண்டாவது, கைவினை. அந்தப் படத்தை கிராபிக்ஸ் படம் என்று சொல்பவர்கள் ஒரு முறை அந்த நெருப்புச் சுவரை உற்றுப் பார்க்க வேண்டும். தெரு முழுவதையும் அடைத்துக்கொண்டு கார்களைத் தூக்கி எறிந்தபடி வரும் அந்தத் தீ, உண்மையான தீ. நெருப்பு இயல்பாகவே மேல்நோக்கித்தான் எழும், தரையில் ஊர்ந்து வராது. ஆகவே தெருவின் சிறிய மாதிரியைச் செங்குத்தாகத் தூக்கி நிறுத்தி, கேமராவை மேலே வைத்து, கீழிருந்து கொளுத்தினார்கள். வேகமாக ஓடும் கேமராவில் பிடித்து, பிறகு இயல்பு வேகத்தில் காட்டியபோது, அதுவே தெருவில் உருண்டுவரும் சுவராயிற்று. வெள்ளை மாளிகையும் அப்படியே ஒரு மாதிரிதான், உண்மையான வெடிமருந்துதான். 1953இன் செம்பு மாதிரிகளுக்கும் இதற்கும் உள்ள உறவு, 1996க்கும் இன்றைய படங்களுக்கும் உள்ள உறவை விட நெருக்கமானது. அந்த ஆண்டுக்கான காட்சி விளைவு ஆஸ்கரும் அதற்கே கிடைத்தது.

மூன்றாவது, வடிவம். ஜூலை 2, 3, 4 என்று மூன்று நாள்கள். முதல் நாள் வருகை, இரண்டாம் நாள் தோல்வி, மூன்றாம் நாள் பதிலடி. கதையில் எந்தக் கதாபாத்திரமும் இரண்டு வரிக்கு மேல் விளக்கம் கேட்பதில்லை. குடிகார விமானி, விவாகரத்தான பொறியாளர், செல்வாக்கிழந்த இளம் அதிபர் என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிடும். நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் வந்து சொன்னதும் பாத்திரம் யாரென்று தெரிந்துவிடுவது போன்ற வசதி அது. கோடிக்கணக்கானோர் சாகும் படத்தில் ஒரு நாய் சுரங்கப்பாதைத் தீயிலிருந்து கடைசி நொடியில் துள்ளித் தப்பிக்கும்போது அரங்கமே ஆர்ப்பரிக்கிறது என்றால், அது பார்வையாளரின் மனத்தைத் துல்லியமாக அறிந்தவரின் வேலை. அதில் எனக்கும் கூச்சம் உண்டு என்பதை மறைக்கவில்லை.

குறை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தாக்குவதற்கான வழியை அமெரிக்கர்கள் மோர்ஸ் குறியீட்டில் அனுப்பும் வரை மற்ற நாட்டு விமானிகள் பாலைவனத்தில் கூடாரமடித்துக் காத்திருக்கிறார்கள். ஓர் அமெரிக்க விடுமுறை நாள் உலகத்துக்கே விடுதலை நாளாகிறது. 80 கோடி டாலருக்கு மேல் வசூலித்த அந்தப் படத்துக்கு அதில் பெரும்பங்கு வெளிநாட்டு ரசிகர்களிடமிருந்தே வந்தது என்பது வேடிக்கைதான்.

நெடுவழி

சுருக்கமாக ஒன்று. 'இன்டிபென்டன்ஸ் டே' வெளிவந்த அதே 1996இன் டிசம்பரில் டிம் பர்ட்டனின் 'மார்ஸ் அட்டாக்ஸ்' வந்தது. 1962இல் சூயிங்கம்முடன் விற்ற பட அட்டைகளை வைத்து எடுக்கப்பட்ட படம். அதில் படையெடுத்தவர்களைக் கொல்வது கிருமியும் இல்லை, வைரஸும் இல்லை. ஒரு பாட்டி கேட்டுக்கொண்டிருக்கும், அமெரிக்கப் பாடகர் ஸ்லிம் விட்மனின் பழைய பாட்டு. அந்த இழுவையைக் கேட்டதும் செவ்வாய்க்காரர்களின் மூளை வெடித்துச் சிதறுகிறது. தாஜ்மகால் தகரும்போது அவர்கள் அதன்முன் நின்று சுற்றுலாப் பயணிகளைப் போல் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் காட்சியில், நினைவுச்சின்னங்களை இடித்துக் காட்டும் மோகம் முழுவதையும் பர்ட்டன் சில நொடிகளில் கேலி செய்துவிட்டார்.

நம் பக்கத்தில் இதற்கு எதிர்த்திசையில் ஒரு படம் இருக்கிறது. எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த 'கலை அரசி' (1963) படத்தில் வேற்றுக்கிரகத்தார் பூமிக்கு வருவதே பாட்டுக்காகத்தான். தங்கள் உலகில் கலை வளரவில்லை என்று ஒரு பாடகியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஒருவருக்குப் பாட்டு நஞ்சு, மற்றவருக்கு அது தேவை. வேலவன் தம் அக்கா மகளுக்கு இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டலாம்.

மருதம்

இதுவரை பேசிய படங்கள் எல்லாவற்றிலும் எதிரி வீழ்கிறான் என்று எடுத்துக்கொண்டே பேசுகிறோம். வேலவன் கேட்ட கேள்வியின் கூர்மை, எதிரி வீழாத படங்களை வைத்துப் பார்க்கும்போதுதான் தெரியும் என்பது என் கருத்து.

டான் சீகல் இயக்கிய 'இன்வேஷன் ஆஃப் த பாடி ஸ்நாட்ச்சர்ஸ்' (1956) 4 லட்சம் டாலர் அளவில் எடுக்கப்பட்ட படம். பழம்படச்சுருள் ஐயா சொன்ன படத்தின் செலவில் ஐந்தில் ஒரு பங்கு. அதில் பறக்கும் தட்டு கிடையாது, கதிர் கிடையாது, எரியும் கட்டடம் ஒன்றுகூடக் கிடையாது. சாண்டா மிரா என்ற கற்பனைச் சிற்றூருக்கு ஒரு மருத்துவர் திரும்பி வருகிறார். என் மாமா என் மாமாவே இல்லை என்று ஒரு பெண் சொல்கிறாள். அதே முகம், அதே குரல், அதே பழைய நினைவுகள். ஆனால் கண்ணில் ஏதோ ஒன்று குறைகிறது என்கிறாள். சில நாள் கழித்து அவளே வந்து, நான் சொன்னதையெல்லாம் மறந்துவிடுங்கள், இப்போது எல்லாம் சரியாகிவிட்டது என்று புன்னகைக்கிறாள். படத்தில் என்னை மிகவும் நடுங்கவைத்தது இந்த இரண்டாவது வருகைதான். புகார் சொன்னவர்கள் ஒவ்வொருவராக அமைதியாகிவிடும் ஊரை அச்சமூட்டுவதாகக் காட்ட ஒரு காசும் செலவாகவில்லை. பெரிய விதைக்கூடுகளிலிருந்து மனிதரின் நகல்கள் உருவாகி, அவர்கள் உறங்கும்போது அவர்களுடைய இடத்தை எடுத்துக்கொள்கின்றன; ஆகவே அந்தப் படத்தில் விழித்திருப்பது ஒன்றுதான் போர்.

சீகல் முடித்த இடம் நெடுஞ்சாலை. மருத்துவராக நடித்த கெவின் மெக்கார்த்தி ஓடும் வண்டிகளுக்கு நடுவே நின்று, கடைசியில் நம்மையே பார்த்து, அடுத்தது நீங்கள்தான் என்று கத்துகிறார். படத்தை அங்கேயே விட்டால் பார்வையாளர்கள் தாங்கமாட்டார்கள் என்று அஞ்சிய தயாரிப்பு நிறுவனம், முன்னும் பின்னும் ஒரு மருத்துவமனைக் காட்சியை ஒட்டவைத்தது. அதன்படி ஒரு லாரி விபத்தில் விதைக்கூடுகள் கண்டெடுக்கப்பட, மருத்துவர்கள் அவர் சொல்வதை நம்பி, எஃப்.பி.ஐ.யைத் தொலைபேசியில் அழைக்கிறார்கள். சீகலுக்கு அதில் விருப்பமில்லை. ஆகவே வேலவன் ஐயா, பழைய படங்கள் துணிச்சலானவை, புதியவை வணிகமயமானவை என்ற பிரிவு இங்கே ஒரே படத்துக்குள்ளேயே ஓடுகிறது. 1978இல் ஃபிலிப் காஃப்மன் அதைச் சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொண்டுபோய் மீண்டும் எடுத்தபோது, மெக்கார்த்தி ஒரு காட்சியில் தெருவில் கத்திக்கொண்டே ஓடிவந்து இறக்கிறார், இருபத்திரண்டு ஆண்டுகளாக ஓடிக்கொண்டே இருந்தவரைப் போல. அந்தப் படத்தின் கடைசி நொடியில் டொனால்ட் சதர்லாந்து கைநீட்டி எழுப்பும் ஒலிக்குப் பின் எந்தத் தொலைபேசி அழைப்பும் இல்லை.

இன்னோர் இணை, 'த திங்'. ஹோவர்ட் ஹாக்ஸ் தயாரித்த 1951 படத்தில் பனிக்கட்டிக்கு அடியில் ஏதோ புதைந்து கிடக்கிறது. அதன் அளவைக் கண்டறிய ஆட்கள் அதன் விளிம்பைப் பின்பற்றிப் பனிமேல் பரவி நின்று கைகளை விரிக்கிறார்கள். பார்த்தால் அவர்கள் ஒரு வட்டமாக நிற்கிறார்கள். பறக்கும் தட்டை ஒரு முறைகூட முழுதாகக் காட்டாமல், நிற்கும் மனிதர்களைக் கொண்டே அதை வரைந்துவிட்ட காட்சி அது. முடிவில் அந்த உயிரை மின்சாரம் பாய்ச்சி எரித்துவிடுகிறார்கள். ஜான் கார்பென்டர் 1982இல் அதே மூலக்கதைக்குத் திரும்பி எடுத்த படத்தில், எரிந்துபோன முகாமின் முன் இரண்டு பேர் உறைபனியில் உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் நம்பாமல், ஒரு புட்டியைப் பகிர்ந்துகொண்டு காத்திருக்கிறார்கள். அவ்வளவுதான். 'ஈ.டி.' வெளியாகி இரண்டே வாரத்தில், 1982 ஜூன் 25 அன்று வந்த அந்தப் படத்தை மக்கள் கைவிட்டார்கள். இன்று அதைச் செவ்வியல் படம் என்கிறோம். எது செவ்வியல், எது கேளிக்கை என்பதைப் படம் வெளியான ஆண்டில் யாரும் சொல்லிவிட முடியாது.

கடைசி வரிசை

மருதம் அவர்களுக்கு ஒரு சிறு மறுப்பு. அந்தத் தயாரிப்பு நிறுவனம் ஒட்டிய காட்சியைத் திட்டுவது எளிது. ஆனால் நன்றாகக் கவனித்தால், அதிலும் எதிரி வீழவில்லை. தொலைபேசியை எடுத்ததோடு படம் முடிகிறது. மறுமுனையில் இருப்பவர் மனிதர்தானா என்பது நமக்குத் தெரியாது. நான் முதன்முறை பார்த்தபோது நிம்மதி வரவில்லை, ஐயம்தான் வந்தது.

இன்னொன்று, பெரிதாக்கினால் போதும் என்று நினைத்தவர்களுக்கு 2016 ஒரு பாடம் கற்பித்தது. 'இன்டிபென்டன்ஸ் டே' முதல் படத்தில் ஒவ்வொரு நகரத்தின் மேலும் நின்ற கப்பல் 15 மைல் அகலம் உடையது. இருபது ஆண்டுகள் கழித்து வந்த தொடர்ச்சியில் வந்திறங்கிய தாய்க்கப்பல் 3,000 மைல். முதல் படத்தின் இரண்டு மடங்குக்கு மேல் செலவழித்தும் அதன் வசூலில் பாதியைக்கூட எட்டவில்லை. 15 மைல் நிழல் ஒரு நகரத்தின்மேல் மெல்ல விழும்போது அண்ணாந்து பார்க்க ஒரு தெரு இருந்தது. 3,000 மைலை எங்கே நின்று பார்ப்பது?

தெற்குவாசல்

இந்த இரண்டு கரைகளுக்கும் நடுவே நிற்கும் படத்தை இன்னும் யாரும் பேசவில்லை. ஸ்பீல்பெர்க்கின் 'வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ்' (2005). வெல்ஸின் கதையைச் சொன்னவர்கள் ஒவ்வொருவரும் அதைத் தங்கள் கேட்போரின் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தார்கள்: நாவலில் லண்டனுக்கு அருகிலுள்ள வோக்கிங், 1938 வானொலி நாடகத்தில் நியூ ஜெர்சியின் குரோவர்ஸ் மில், 1953இல் கலிபோர்னியாவின் ஒரு கற்பனை ஊர், 2005இல் மீண்டும் நியூ ஜெர்சி, துறைமுகத் தொழிலாளர்களின் பேயோன். டாம் குரூஸ் அங்கே பளுதூக்கி இயக்கும் தொழிலாளி. 60 கோடி டாலருக்கு மேல் வசூலித்த இந்தப் படத்தில் புகழ்பெற்ற கட்டடம் ஒன்று இடிந்து விழும் காட்சியே கிடையாது; தந்தை நிற்கும் இடத்திலிருந்து தெரிவது மட்டுமே நமக்கும் தெரியும். முதல் தாக்குதலுக்குப் பின் அவர் வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்க்கும்போது, தன்மேல் படிந்திருக்கும் சாம்பல் சற்று முன்வரை மனிதர்களாக இருந்தது என்பது அவருக்கு உறைக்கிறது. 2001 செப்டம்பரில் நியூயார்க் தெருக்களில் மக்கள் சாம்பல் பூத்து நடந்த படங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

வேலவன் கேட்ட முடிவைப் பொறுத்தவரை, ஸ்பீல்பெர்க் இரண்டு கரையிலும் கால் வைக்கிறார். பாக்டீரியா அப்படியே இருக்கிறது. ஆனால் நாயகன் கையெறிகுண்டுகளுடன் மூன்று கால் இயந்திரத்துக்குள் இழுக்கப்பட்டு, அதை வெடிக்கச் செய்துவிடுகிறான், நட்சத்திர நடிகருக்கு ஒரு வெற்றியாவது வேண்டுமே! பிறகு, இயந்திரத்தின்மேல் பறவைகள் அமர்வதை அவன்தான் முதலில் கவனிக்கிறான். அப்படியென்றால் பாதுகாப்புக் கவசம் செயலிழந்துவிட்டது என்பதைப் படைவீரர்களுக்குக் கத்திச் சொல்கிறான். மனிதனுக்குக் கொடுக்கப்பட்ட பங்கு அவ்வளவே, பார்த்துச் சொல்வது. அது எனக்கு மிகவும் பிடித்த அளவு. அதைக் கெடுப்பது போல், தீப்பிழம்புக்குள் ஓடிய மகன் பாஸ்டனில் பாட்டி வீட்டு வாசலில் கீறல் இல்லாமல் வந்து நிற்கிறான். அந்தத் தாத்தாவும் பாட்டியும் யார் தெரியுமா? 1953 படத்தின் நாயகன் ஜீன் பாரியும் நாயகி ஆன் ராபின்சனும்.

எம். நைட் ஷியாமளனின் 'சைன்ஸ்' (2002) படத்தையும் இந்த வரிசையில் வைக்க வேண்டும். தலைப்புக்கு அடையாளங்கள் என்று பொருள், அறிவியல் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். மாஹேயில் பிறந்தவர், முதல் படத்தைச் சென்னையில் எடுத்தவர் என்பதால் நமக்கு அவர்மேல் கொஞ்சம் உரிமையும் உண்டு. அங்கே எதிரியை வீழ்த்துவது தண்ணீர். முக்கால் பங்கு நீர் நிறைந்த கோளுக்குத் தண்ணீர் ஆகாதவர்கள் ஏன் வந்தார்கள் என்ற கேலி நியாயமானதுதான். ஆனால் வீடெங்கும் பாதி குடித்து வைத்த தண்ணீர்க் குவளைகளைச் சிறுமி விட்டுச் செல்வது முதலிலிருந்தே நம் கண்முன் இருக்கிறது. நம்பிக்கை இழந்த பாதிரியாரான தந்தைக்கு அது தற்செயலா, திட்டமா என்பதே படத்தின் கேள்வி. 1953இன் தேவாலயம் ஒரு பண்ணை வீட்டுக் கூடத்துக்கு இடம்பெயர்ந்துவிட்டது.

வேலவன்

எழுதிய அனைவருக்கும் நன்றி. எல்லாப் பதில்களையும் அக்கா மகளிடம் படித்துக் காட்டினேன். நெருப்புச் சுவரைச் செங்குத்தாக நிறுத்தி எடுத்த செய்தி அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது; அந்தக் காட்சியை மட்டும் நான்கு முறை ஓட்டிப் பார்த்தோம். பிறகு 1953 படத்தின் கடைசி அரை மணி நேரத்தை மீண்டும் போட்டோம், இம்முறை நானும் முதல் தடவை கவனிக்காத ஒன்று கண்ணில் பட்டது.

அந்தப் படத்தில் அணுகுண்டு தோற்ற பிறகும் ஒரு வழி எஞ்சியிருக்கிறது. நாயகனான விஞ்ஞானி, செவ்வாய்க்காரனின் இரத்தம் படிந்த துணியைக் கொண்டுவந்திருக்கிறார். சோதித்ததில் அவர்களுடைய இரத்தம் மிகவும் வலுவற்றது என்று தெரிகிறது. ஆயுதத்தால் முடியாததை உயிரியலால் செய்யலாம் என்று முடிவு செய்து, கருவிகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு விஞ்ஞானிகள் நகரைவிட்டுப் புறப்படுகிறார்கள். அதாவது டேவிட் மடிக்கணினியைத் திறந்த அதே வழி 1953இலேயே திறந்திருக்கிறது. ஆனால் தப்பியோடும் கூட்டம் அந்த லாரியை மறித்து, ஏற இடம் வேண்டும் என்பதற்காகக் கருவிகளை எடுத்துத் தெருவில் எறிகிறது. விஞ்ஞானியை அடித்துத் தள்ளிவிட்டு லாரியைக் கொண்டுபோய்விடுகிறது. அவர் தேவாலயம் தேவாலயமாக நாயகியைத் தேடி ஓடுவது அதற்குப் பிறகுதான்.

"அப்போ அவங்களை ஜெயிக்க வழி இருந்துச்சு, நாமதான் தெருவுல போட்டு உடைச்சிட்டோம்" என்றாள். பழம்படச்சுருள் ஐயா, நாம் காப்பாற்றப்படுகிறோம் என்று எழுதியிருந்தீர்கள்; அதற்கு முன் நாம் என்ன செய்தோம் என்பதையும் படம் காட்டிவிடுகிறது. எனக்கு நிறைவளிக்காதது அந்தக் கிருமி முடிவு என்று இத்தனை நாள் எண்ணியிருந்தேன். இப்போது பார்த்தால் அந்த லாரிதான் என்று தோன்றுகிறது.

அடுத்த சனிக்கிழமை 1956 படத்தைப் பார்க்கப் போகிறோம். நெடுஞ்சாலைக் காட்சியிலேயே நிறுத்திவிட வேண்டும் என்று முதலில் எண்ணினேன்; கடைசி வரிசை அவர்கள் எழுதியதைப் படித்தபின் தொலைபேசி வரை ஓடட்டும் என்று விட்டுவிட்டேன். மறுமுனையில் யார் இருக்கிறார்கள் என்று அவள் கேட்கிறாளா என்று பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.